சங்கு ஊதாத ஞாயிறு

நேற்றுக் கால்பந்தில் வாங்கிய ஏழு கோல்களையும் ஐஸில் வைத்துப் பார்த்தே தீருவது என்று முடிவாகிவிட்டது.

மீன் மார்க்கெட்டின் ஐஸ் அறையில் எந்தத் தோல்விக்கும் பிரேதப் பரிசோதனை இப்படித்தான் நடக்கும். காலை ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட பிறகு, ஐஸ்காரர் ஒரு பெரிய கட்டியைச் சுத்தியலால் உடைப்பார். உடைந்த துண்டுகள் நம் ஆட்கள். சோடா மூடிகள் எதிரணி. மீன் கொட்டும் அகலமான தகரத் தட்டுதான் மைதானம். கோல் எங்கே ஆரம்பித்தது, யார் தூங்கினார், யார் வழிவிட்டார் என்று துண்டுகளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். வழக்கமாக ஒன்றிரண்டு கோலோடு வேலை முடிந்துவிடும். நேற்று ஏழு. இத்தனைக்கும் நம் பையன்கள் நாலு போட்டிருந்தார்கள்.

"நாலு கோல் போட்டும் தோத்த கூட்டம் நாமதான் மாமா. முன்வாசல்ல சம்பாதிச்சு பின்வாசல்ல பறிகொடுக்கறது," என்றார் லாரிக்காரர். மார்க்கெட்டிலிருந்து வெளியூருக்கு மீன் ஏற்றிப் போகிறவர். வாய் அதிகம்.

"நீ சும்மா இரு. பேசப் பேச ஐஸ் உருகுது," என்றார் ஐஸ்காரர்.

"உருகட்டுமே. நேத்து டிஃபென்ஸும் இப்படித்தான் உருகிச்சு. சொல்லப்போனா இந்தத் துண்டு நம்ம ஸ்டாப்பரை விட அதிக நேரம் ஒரே இடத்துல நிக்குது."

அறை சிரித்தது. கதவுநிலையில் சாய்ந்து நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வலது கை தொண்டைக்குழியைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்த மார்க்கெட்டின் ஏலக்காரர் அவர். ஊர் அவரை அழைப்பது சங்கு என்று.

சங்கு பிறந்தபோது அழுத அழுகையில் அடுத்த வார்டு நர்ஸ் ஓடிவந்தாள் என்று அவருடைய அம்மா சொல்வதுண்டு. பிறகு அந்தக் குரலே அவருக்குச் சோறு போட்டது. விடிகிற நேரத்தில், கூடைகள் சிமென்ட் மேடையில் வரிசையாக இறங்க, ஈர ரப்பர் செருப்போடு அவர் ஒரு கல் மேல் ஏறி நின்று விலை கூவ ஆரம்பித்தால், படகில் வலை உதறுகிறவனுக்கும் கேட்கும், வாசலில் சைக்கிள் பூட்டுகிறவனுக்கும் கேட்கும். மற்ற ஊர் மார்க்கெட்டுகளில் எல்லாம் மைக் வந்துவிட்டது. இங்கே அந்தப் பேச்சு எழுந்தபோதெல்லாம், 'சங்கு இருக்கும்போது மைக் எதுக்கு' என்று மார்க்கெட் சங்கத்தார் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டிலும் அதே குரல்தான். சாப்பாட்டில் உப்பு கேட்டால் மூன்றாவது வீட்டிலிருந்து உப்பு வரும். அவர் மனைவி தையல்காரி. நாள் முழுவதும் உதடுகளுக்கிடையே குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, தலையசைப்பிலேயே குடும்பம் நடத்தியவள். ரகசியம் ஏதாவது பேச வேண்டியிருந்தால் கணவனும் மனைவியும் ஜாடைதான் காட்டிக்கொள்வார்கள். வாயால் சொன்னால் தெருவுக்கே செய்தி வாசித்தது போல ஆகிவிடும்.

கால்பந்து மைதானம் மார்க்கெட்டின் பின்சுவரை ஒட்டி இருந்தது. ஒரு கோலுக்கு நேர் பின்னால் இருந்த படிகள் மார்க்கெட்டுக்காரர்களுக்கு என்று ஆகிப்போயின. அதற்குப் பெயரே மார்க்கெட் பக்கத்து கோல். ஒரு நாள், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் நம் ஸ்டாப்பரின் பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் பூனை போலப் பதுங்கி வருவதைப் பார்த்த சங்கு, தன்னையறியாமல் ஏலக் குரலில் "முதுகு" என்று ஒரு கத்து கத்தினார். ஸ்டாப்பர் திடுக்கிட்டுத் திரும்பினான். பந்து அவன் நெற்றியில் பட்டு வெளியே போனது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். முதுகு என்றால் பின்னால் ஆள். ஏறு என்றால் எல்லோரும் முன்னே போ. விடு என்றால் பந்து கீப்பருக்கு. பன்னிரண்டாவது ஆள் என்று ஊரில் பேச்சு. சட்டை இல்லாத பன்னிரண்டாவது ஆள்.

அந்தக் குரல்தான் இரண்டு வாரமாக இல்லை.

முதலில் கரகரத்தது. ஐஸ் காற்று என்று சொல்லிப் பார்த்தார். மனைவி கேட்கவில்லை, கையைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாண் மேல் ஒரு சின்ன வளர்ச்சி இருக்கிறது என்றார். அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது. புண் ஆறணும்."

"ரிசல்ட் நல்லபடியா வரலைன்னா?" என்று மனைவிதான் கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "வரட்டுமே. பயப்படற மாதிரி இருந்தா, குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கலாம். இப்பவே அதை நினைக்காதீங்க."

அதை மட்டுமே நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் வீடு திரும்பினார்கள்.

மார்க்கெட்டில் சளி என்று சொல்லி வைத்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் சங்கம் அடுத்த நாளே மைக்கைக் கொண்டுவந்து வேறு ஆளைக் கல் மேல் ஏற்றிவிடும் என்ற பயம். மீன் வெட்டும் அக்காவிடம் அவர் விரலால் விலை காட்டுவார், அவள் கூவுவாள். வீட்டிலே பேசுகிற வேலை மனைவியிடம் வந்து சேர்ந்தது. அவள் குண்டூசிகளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். ஆமாம் என்றால் அவர் ஒரு தட்டு தட்டுவார், இல்லை என்றால் இரண்டு.

குரல் போன பிறகு ஊரில் நடந்த முதல் ஆட்டம் நேற்றுதான்; அதற்கும் அவளே கூட வந்தாள். அதற்கு முன் மைதானத்தில் காலடி வைத்தவளில்லை. அவரை நம்பவில்லை, அவ்வளவுதான்.

முதல் பாதி முடியும்போது நம் அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தது. படிகளில் லாரிக்காரர் தோளில் ஐஸ்காரர் ஏறாத குறை. இரண்டாவது பாதியில் நம்மவர்கள் மார்க்கெட் பக்கத்து கோலைக் காக்க வந்தார்கள். அங்கேதான் அணை உடைந்தது. இடது பக்கம் தடுத்து ஆடும் பேக்கின் பின்னால் ஒருவன் நழுவி வருவது சங்குவுக்குப் பந்து வருவதற்கு முன்பே தெரிந்தது. வார்த்தை அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. தோள் துண்டைப் பல்லால் கடித்தார். மணிக்கட்டில் மனைவியின் நகம் பதிந்தது. கோல். மறுபடி அதே இடம், அதே நழுவல். கோல். ஒவ்வொன்றையும் அவர் முன்கூட்டியே பார்த்தார். தன் வீடு எரிவதை வாய் கட்டப்பட்டு நின்று பார்ப்பவன் போலப் பார்த்தார்.

இப்போது அதே கோல்கள் தகரத் தட்டில் மறுபடி விழுந்துகொண்டிருந்தன.

ஆறாவது கோலை லாரிக்காரர் நகர்த்திக் காட்டும்போது, மீன் வெட்டும் அக்கா கத்தியைத் துடைத்தபடி குறுக்கே வந்தாள். "கொஞ்சம் நிறுத்து. முதல் பாதியில ரெண்டு. அது அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அஞ்சு. இந்த வருஷம் பூரா நம்ம பக்கத்து கோல்ல எத்தனை வாங்கியிருக்கோம்?"

ஐஸ்காரர் யோசித்தார். "ஒண்ணு. அதுவும் பெனால்டி."

"அப்ப நேத்து ஒரு நாளைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

ஒவ்வொரு தலையாகக் கதவுநிலைப் பக்கம் திரும்பியது.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரசர் அறையிலிருந்து கையில் ஸ்பேனரோடு மெக்கானிக் வந்தார். ஐஸ் ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர், அணியின் கீப்பரும் அவரே. முப்பது வயதைத் தொடும் ஆள். பேச்சு வராதவர் அல்ல, பேசாதவர். மௌனசாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாங்க சாமி, வாங்க," என்றார் லாரிக்காரர். "ஏழு தடவை வலைக்குள்ள போய் பந்தை எடுத்தீங்களே, இடுப்பு வலிக்கலையா?"

மௌனசாமி தட்டில் இருந்த ஐஸ் துண்டுகளைப் பார்த்தார். எது தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோலுக்குள் தனியாகக் கரைந்துகொண்டிருந்த துண்டு.

"சத்தம் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார்.

"எந்தச் சத்தம்?"

"அண்ணன் சத்தம்." சங்குவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "குத்தமா சொல்லலண்ணே. பழகிப்போச்சு. பின்வரிசையில இப்ப யாரும் கழுத்தைத் திருப்பிப் பாக்கறதே இல்ல. அண்ணன் பாத்துக்குவார்னு விட்டுடறோம். நானும்தான். நேத்து ஒவ்வொரு தடவையும் காத்துக்கிட்டு இருந்தேன். சத்தம் வரல, பந்துதான் வந்துச்சு."

சங்குவுக்குக் காது அடைத்தது. சுவர் சாயாமல் இருக்கத்தான் அவர் முட்டுக் கொடுத்தார். அந்த முட்டின் மேல் சாய்ந்து சாய்ந்து சுவர் நிற்கவே மறந்துபோயிருக்கிறது. இத்தனை நாள் பெருமை என்று மார்பில் குத்திக்கொண்டு திரிந்தது இதைத்தானா?

லாரிக்காரருக்கு அது புரியவில்லை. தோற்ற வயிற்றெரிச்சல் அவருக்கு. "அதானே. ஏன்யா சங்கு, சளி பிடிச்சவன் இருமக்கூட மாட்டானா? பக்கத்துல வீட்டுக்காரம்மா வேற. வாயைப் பூட்டி சாவியை அவங்ககிட்ட குடுத்துட்டியா? இல்ல, எதிர் ஊர்க்காரன் ஏதாவது கவனிச்சானா?"

அது தப்பான வார்த்தை. சொன்ன வாய்க்கே தெரிந்துவிட்டது, ஆனால் அம்பு வில்லை விட்டுப் போயாகிவிட்டது. சங்குவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

மீன் செதில் ஒட்டிய ஒரு கை அந்த வாயைப் பொத்தியது.

"பேசாதே," என்றாள் அக்கா. "எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் இப்படித்தான் எப்பப் பாத்தாலும் தொண்டையிலயே கைய வெச்சிருந்தார். சளின்னுதான் அவரும் சொன்னார்." பொத்திய கையை எடுக்காமலே கேட்டாள். "டாக்டரைப் பாத்தாச்சா?"

ஒரு தட்டு.

"முடிவு வந்துடுச்சா?"

இரண்டு தட்டு.

அக்காவின் கணவர் எப்படிப் போனார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். லாரிக்காரர் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தகரத் தட்டில் நம் ஆட்கள் ஒருவர் மிச்சமில்லாமல் தண்ணீராகியிருந்தார்கள். எதிரணி மூடிகள் மட்டும் மிதந்தன.

"வர்ற ஞாயிறு கடைசி ஆட்டம்," என்று கடைசியில் லாரிக்காரரே தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "தோத்தா கீழ்ப்பிரிவு. டிரா போதும். நீ வாயே திறக்க வேண்டாம் மச்சான். கையை மட்டும் காட்டு. உனக்குப் பதிலா நாங்க அத்தனை பேரும் கத்தறோம். இந்த விஷயமும் இந்த ரூமைத் தாண்டாது."

பரிசோதனை முடிவு அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் என்று மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது.

அந்த வாரம் சங்கு வாழ்ந்த வாரம் பகையாளிக்கும் வேண்டாம். காக்கை கத்தினால் பொறாமையாக இருந்தது. கதவு கிறீச்சிட்டால்கூட, இதற்கும் ஒரு குரல் இருக்கிறதே என்று தோன்றியது. படகுகள் போன பிறகு கடல் சுவர் ஓரம் போய் நின்றார். ஒரே ஒரு எழுத்து சொல்லிப் பார்க்கலாமா, உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று வாயைக் குவித்தார். பயந்து மூடிக்கொண்டார்.

பிறகு அந்த நினைப்பு வந்தது. வந்தது, போகவில்லை. நாளைக்குக் குரல்வளையையே அறுத்து எடுக்கப் போகிறார்கள் என்றால், போகிற குரல்தானே, ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் கத்திவிட்டுப் போகட்டுமே. ஊருக்கு ஒரு தரம் உதவட்டுமே. நல்லபடியாக வந்தால்? அப்போது அந்தக் கத்தல்தான் புண்ணைக் கிழிக்கும். வராவிட்டால்? கத்தாமல் போனது ஆயுசுக்கும் நெஞ்சை அறுக்கும்.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வெந்நீர் குடிக்க ஆரம்பித்திருந்தார். பெரிய ஏல நாட்களுக்கு முன்னால் தொண்டையைப் பதப்படுத்தும் பழைய பழக்கம் அது. அவளுக்குத் தெரியாதா?

"என்னங்க, ஞாயித்துக்கிழமை வீட்லயே இருந்துடலாமா?"

இரண்டு தட்டு.

"அப்ப சத்தியம் பண்ணுங்க." கையை நீட்டினாள். அவர் தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அவள் தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "உங்க சத்தம் கேக்காத வீட்ல எனக்குத் தையல் நேரா ஓடல. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறேன். அந்தக் குரல் முழுசா வேணும்னு நான் சாமியைக் கேக்கல. துணி வெட்டினா ஓரத்துல ஒரு துண்டு மிஞ்சும் பாருங்க, அந்த அளவு இருந்தா எனக்குப் போதும். அதையும் மைதானத்துல போட்டுட்டு வந்துடாதீங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அழும்போது சத்தம் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

ஞாயிறு வந்தது. மார்க்கெட் படிகள் நிரம்பி வழிந்தன. சங்குவைச் சுற்றி அவருடைய புதிய குரல்கள் உட்கார்ந்தன. லாரிக்காரர் ஒரு விசிலே வாங்கி வந்திருந்தார். முதல் தடவை ஊதியதும் நம் ஆட்கள், எதிரணி, எல்லோரும் நின்றுவிட்டார்கள். நடுவர் படிகள் வரைக்கும் நடந்து வந்து, விசிலைக் கை நீட்டி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

"பிள்ளையார் சுழியே கோணல்," என்றார் ஐஸ்காரர்.

முதல் பாதியில் நம் அணி ஒரு கோல் போட்டது. இரண்டாவது பாதி, மார்க்கெட் பக்கம். சங்கு கையைத் தூக்கினார், இடது பேக்கைக் காட்டினார். லாரிக்காரர் "முதுகு" என்றார். ஐஸ்காரர் "ஏறு" என்றார். பின்படியிலிருந்து யாரோ "விடு, விடு" என்றார்கள். நூறு தொண்டைகள், நூறு யோசனைகள். ஸ்டாப்பர் ஒரு அடி முன்னே வைத்தான், ஒரு அடி பின்னே வைத்தான், கடைசியில் படிகளைப் பார்த்துக் கையை விரித்தான். அந்த நேரத்தில் பந்து அவனைத் தாண்டிப் போனது. ஒன்றுக்கு ஒன்று.

அதன் பிறகு எதிரணி விடவில்லை. ஆட்டம் முடியப் போகும் தறுவாயில் ஒரு கார்னர். கொடிக்கம்பத்தின் அருகில் ஒருவன் பந்தை வைத்து நிதானமாகப் பின்னால் நடந்தான். இடது பேக்கின் முதுகுக்குப் பின்னால் அவர்களுடைய உயரமான ஆள் ஒருவன் சத்தமில்லாமல் வந்து நின்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. சங்கு பார்த்தார். கையை நீட்டிக் காட்டினார். படிகளில் கூச்சல் மட்டும் பெருகியது, பாதிப் பேர் வலது பக்கத்தைக் காட்டிக் கத்தினார்கள்.

சங்கு எழுந்து நின்றார்.

மணிக்கட்டில் இருந்த மனைவியின் பிடி இறுகியது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கையை விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறைந்தது. வாய் திறந்தது.

"எல்லாரும் வாயை மூடுங்க."

அது அவர் குரல் இல்லை. மௌனசாமி கோல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "ஒருத்தர் பேசக்கூடாது. நான் பாத்துக்கறேன்."

படிகள் கப்பென்று அடங்கின. மௌனசாமி களத்தைப் பார்த்துத் திரும்பினார். மறுபடியும் அதே குரல் வந்தது. பழக்கமில்லாத, உடைந்த, துருப்பிடித்த கதவு போன்ற குரல். "முதுகு. லெஃப்ட், உனக்கு முதுகு. கழுத்தைத் திருப்பிப் பாரு."

இடது பேக் திரும்பிப் பார்த்தான். கார்னர் வந்தது. உயரமானவன் எழும்பும்போது அவனோடு இவனும் எழும்பினான். பந்து கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனது. அதற்குப் பிறகும் அந்தத் துருக் குரல் ஓயவில்லை. ஏறு என்றது, விடு என்றது, ஸ்டாப்பரை அவன் அப்பா வைத்த பெயரைச் சொல்லி அதட்டியது. கடைசி விசில் ஊதியபோது ஒன்றுக்கு ஒன்றே நின்றது.

சங்கு இழுத்த மூச்சு, ஒரு சொல்லும் கூட வராமல், மெல்ல வெளியே போயிற்று. உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அணி பிழைத்ததற்கா, தன் இடம் போனதற்கா என்று மனைவிக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்ததா, அதுவும் தெரியாது. லாரிக்காரர் மட்டும், "போச்சு, இனிமே மௌனசாமிக்கு வேற பேர் தேடணும்," என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அன்றைய நிம்மதி படுக்கும்வரைகூட நிற்கவில்லை. விடிந்தால் மருத்துவமனை.

நாற்காலிகள் வரிசையாகப் போட்ட நீண்ட வராந்தாவில் அவர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். யாரையோ கூப்பிடும்போதெல்லாம் மனைவி பாதி எழுந்து உட்கார்ந்தாள். உள்ளே போனபோது டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"கெட்டது எதுவும் இல்ல," என்றார்.

மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. பேசலாம், கத்தக்கூடாது. கத்தினா மறுபடி வளரும். ஏலம் எல்லாம் மைக் வெச்சு மெதுவா சொல்லலாம். மைதானத்துப் பக்கம் வேடிக்கை பாக்க மட்டும்தான் போகணும்." டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "புண் ஆறியிருக்கு. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க பாப்போம். மெதுவா."

சங்கு வார்த்தை தேடினார். இத்தனை காலமும் அவரிடம் இருந்த வார்த்தைகள் எல்லாம் மார்க்கெட்டுக்கும் தெருவுக்கும் மைதானத்துக்கும் தைத்தவை. இந்தச் சின்ன அறைக்கு, ஒரே ஒரு ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று இருக்கிறதா? வராமல் போனால்? காற்று மட்டும் வந்தால்?

மனைவி பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. உலர்ந்த இலையை நகர்த்தியது போல ஒரு ஓசை, அவ்வளவுதான்.

"வீட்டுக்குப் போலாமா?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தரையில் இழுத்து அவர் பக்கத்தில் நெருக்கிப் போட்டுக்கொண்டு, காதை அவர் வாயருகே கொண்டுவந்தாள்.

"என்னங்க சொன்னீங்க? கேக்கல," என்றாள்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் ஒரு தரமும் கேட்டிராத கேள்வி அது.